மீனை அறிந்து வாங்குவோம் – பழவேற்காடு சொல்லும் பாடம்

துவரம் பருப்பைக் கையில் அள்ளியதுமே அது புதுச் சரக்கா, பழைய சரக்கா என்று சொல்லிவிடும் வியாபாரிகள் நம்மிடையே ஏராளம். மிளகாய் வற்றலை முறித்துப் பார்த்தே ஈரப்பதம் கணிப்பவர்கள் உண்டு. அரிசியை வாயில் போட்டு ஒரு கடி கடித்தால் போதும், அறுவடையாகி எத்தனை மாதம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அதே வியாபாரி மீன் கடை முன்னால் போய் நின்றால் என்ன ஆகிறது? "நல்ல மீனா பார்த்துப் போடும்மா" என்று பையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார். சரக்கை விற்பவரிடமே சரக்கின் தரத்தைக் கேட்கலாமா? நம் கடையில் ஒரு வாடிக்கையாளர் அப்படிக் கேட்டால் நாம் மனதுக்குள் சிரிக்க மாட்டோமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கே இப்படி ஒரு தலைகுனிவு ஏற்பட்டது. சங்க உறுப்பினர்களுக்கு ஒரு விருந்து. ஏற்பாட்டுப் பொறுப்பு எங்களிடம். ஓடு உரித்த இறால் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொல்ல, பெட்டியைத் திறந்து கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டோம். சமையல்காரர் பெட்டியைத் திறந்தார், உடனே மூடினார். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை. "இதை நான் சட்டியில் போட மாட்டேன், ஐயா. விருந்து முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா?" என்றார். அன்றைக்குச் சாம்பாரும் அப்பளமும்தான் விருந்து. யாருக்கும் உடம்புக்கு எதுவும் வரவில்லை, அது அவர் புண்ணியம். ஆனால் பந்தியில் ஒரு பெரியவர் கேட்டார்: "இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவர்கள் வாங்கிய சரக்கா இது?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடித்தான் பழவேற்காட்டுக்குப் போனோம். ஒரு முறை அல்ல, பல முறை. படகு கரை சேரும் இடத்தில் நின்று பார்த்தோம். கூடை தூக்கும் பெண்களிடமும், வலை பின்னும் பெரியவர்களிடமும் கேட்டோம். மீன் வாங்குவதில் புதியவர்களாக இருக்கும் நம் வணிகர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறோம்.

ஏரியும் கடலும் கூடும் இடம்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போனால் திருவள்ளூர் மாவட்டத்தின் கடைக்கோடியில் இருக்கிறது பழவேற்காடு. இங்கே இருப்பது வெறும் ஏரி அல்ல. கடலோடு ஒரு வாய் வழியாகக் கலந்திருக்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். நீர் நிறைந்திருக்கும் காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும். ஆனால் ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டும் தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மதில் போல நீண்டு கிடப்பது, ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு.

வணிகர்களாகிய நாம் இந்த ஊரை வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்குத் தலைநகர் பழவேற்காடுதான். இங்கிருந்து துணி மூட்டைகள் கப்பல் ஏறிக் கீழ்த்திசை நாடுகளுக்குப் போயின. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. துணி வியாபாரம் போயிற்று. மீன் வியாபாரம் நிற்கிறது. காரணம், ஏரி இன்னும் சரக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சரக்கு எப்படி விளைகிறது என்று தெரிந்துகொண்டால்தான் மீன் வாங்கும் கலை பிடிபடும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புநீரைக் கொண்டு வருகிறது. இரண்டும் கலக்கும் இந்தத் தண்ணீரில் இரை மிகுதி, பெரிய மீன்களின் தொல்லை குறைவு. அதனால் கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகின்றன, ஏரியில் வளர்கின்றன, பெரிதானதும் இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்கே திரும்புகின்றன. மடவை, பால் கெண்டை, கொடுவா போன்ற மீன்களுக்கும் கடலும் கழியும் இரண்டும் வேண்டும். சேற்று நண்டின் தாய், முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. சுருங்கச் சொன்னால், ஏரிதான் வளர்ப்புத் தாய் வீடு. கடல்தான் பிறந்த வீடு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வாசல் முகத்துவாரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

முதல் கேள்வி: எங்கிருந்து, எப்போது?

நாம் எந்தச் சரக்கை வாங்கினாலும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எந்த ஊர்ச் சரக்கு? எப்போது வந்தது? மீனுக்கும் இதையே கேளுங்கள்.

பழவேற்காட்டுச் சந்தையில் ஏரி மீனும் கடல் மீனும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி, பால் கெண்டை, இறால், சேற்று நண்டு ஆகியவை ஏரியின் சரக்கு. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, சூரை, காணாங்கெளுத்தி, மத்தி ஆகியவை கடலின் சரக்கு. நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்கள் குவியல் குவியலாக வரும். ஏரி மீன் பெரும்பாலும் அன்றன்றைக்குப் பிடித்தது. நாட்டுப் படகில் போய் இரவில் வலை வைத்து விடியலில் கொண்டு வருகிறார்கள். பெரிய விசைப்படகுகளோ சில சமயம் பல நாட்கள் கடலில் தங்கி வருகின்றன. அதன் முதல் நாள் மீனுக்கும் கடைசி நாள் மீனுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

பருவமும் முக்கியம். தமிழ்நாட்டுக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் இனம் பெருக்க விடுகிற நாட்கள் அவை. அந்த நாட்களில் நம் சந்தைக்கு வருவது நாட்டுப் படகு மீன், ஏரி மீன், வளர்ப்பு மீன், அல்லது மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீன். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து லாரி வரும். எனவே மே மாதத்தில் யாராவது பெரிய வஞ்சிரத்தைக் காட்டி, "இன்னிக்குக் காலையில் இங்கே பிடிச்சது" என்றால், ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

கண்ணைப் பார், செவுளைத் தூக்கு

முழு மீன் வாங்கப் பழகுங்கள். துண்டு போட்ட மீனில் பாதி அடையாளங்கள் போய்விடும். ஒரு மீனவப் பெண்மணி எங்களுக்குச் சொல்லித் தந்த முறையை அப்படியே தருகிறோம்.

முதலில் கண். புது மீனின் கண் புடைத்து, தெளிவாக, கண்ணாடி போல இருக்கும். நாள் ஆக ஆகக் குழி விழுந்து வெளுத்துப் போகும்.

இரண்டாவது செவுள். மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல இரத்தச் சிவப்பு இருந்தால் புது மீன். பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறி, கெட்டியான வழவழப்புப் படர்ந்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்க விடாத கடையில் மீன் வாங்காதீர்கள். சாம்பிள் காட்டாத மூட்டையை நாம் வாங்குவோமா?

மூன்றாவது உடம்பு. விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்துவிட்டால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றால் பழையது. வயிறு வெடித்திருந்தாலோ, குடல் வெளியே வந்திருந்தாலோ தொடவே தொடாதீர்கள். செதில் உடம்போடு ஒட்டி மினுமினுக்க வேண்டும்.

நான்காவது வாசனை. இதுதான் பலருக்கும் தெரியாத இரகசியம். புது மீன் நாறாது. கடல் காற்றைப் போலவோ, ஈரப் பாசியைப் போலவோ ஒரு மெல்லிய மணம்தான் வரும். "மீன் என்றாலே கவிச்சி" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பழைய மீனையே சாப்பிட்டுப் பழகியதால் வந்த எண்ணம்.

இந்த நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் மற்ற மூன்றையும் மறுபடி பாருங்கள். இரண்டு சரியில்லை என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் நகர்ந்துவிடுங்கள். மலிவு விலையில் கெட்ட மீனைவிட நஷ்டமான கொள்முதல் வேறு இல்லை. இதை நாங்கள் அனுபவத்தில் சொல்கிறோம்.

இறாலும் நண்டும்

இறாலை ஓட்டோடு, தலையோடு வாங்குங்கள். தலை உடம்போடு இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஓடு பளபளப்பாக இருக்க வேண்டும். தலை தொங்கினாலோ, கறுத்தாலோ, ஓட்டின் மேல் கரும்புள்ளி படர்ந்தாலோ அது நேரமாகிப் போன சரக்கு. உரித்த இறால் வேண்டுமானால் உங்கள் கண் முன்னே உரித்துத் தரச் சொல்லுங்கள். தலையும் ஓடும் போனால் ஒரு கிலோ முழு இறாலில் தேறுவது பாதிக்குச் சற்று முன்னே பின்னே. உரித்தது விலை கூடுதலாகத் தோன்றுவதன் கணக்கு இதுதான். உரித்த இறால் முழு இறாலைவிட மலிவாகக் கிடைத்தால், கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். எங்கள் விருந்தில் நாங்கள் போடாத கணக்கு அதுவே.

ஏரி இறால், பண்ணை இறால் என்று இரண்டு வகை உண்டு. பழவேற்காட்டு வெள்ளை இறாலும், வரி போட்ட டைகர் இறாலும் தண்ணீரில் தானாக வளர்ந்தவை. 2009-க்குப் பிறகு நம் கரையோரப் பண்ணைகளில் பெருகியது வனாமி என்ற அயல்நாட்டு வகை. வனாமி கெட்ட சரக்கு அல்ல; ஒரே அளவாக, ஆண்டு முழுவதும் கிடைக்கும். ஆனால் வனாமியை ஏரி இறால் என்று சொல்லி ஏரி இறால் விலைக்கு விற்பது நாணயம் அல்ல. கேட்டு வாங்குங்கள்.

ஏரிக்கரையில் இறால் பிடிப்பதில் இன்னொரு காட்சியும் உண்டு. இருளர் பெண்கள் வலை இல்லாமல், படகு இல்லாமல், தண்ணீருக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் தடவியே இறாலைப் பிடிக்கிறார்கள். மணிக்கணக்காக நீரில் நிற்க வேண்டிய வேலை. அவர்கள் கூடையில் இருக்கும் ஒரு கைப்பிடி இறாலுக்குப் பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நண்டை உயிரோடு வாங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செத்த நண்டு மிக விரைவில் கெட்டுவிடும். சேற்று நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள்; கட்டை அவிழ்க்க வேண்டாம், விரலுக்கு ஆபத்து! கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். அடிப்பக்க ஓட்டை அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கினால், ஓடு மாற்றிய நண்டு; உள்ளே சதை குறைவு, தண்ணீர் அதிகம். வயிற்று மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண்.

பழவேற்காட்டு நண்டில் முதல் தரம் உயிரோடு பெட்டியில் அடைக்கப்பட்டு, சென்னை விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குப் போய்விடுகிறது. உள்ளூரில் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த தரம். அதிலும் பார்த்து எடுத்தால் ருசிக்குக் குறைவில்லை. ஆனால் வயிற்றின் வெளியே முட்டைக் கொத்தோடு இருக்கும் நண்டை மட்டும் வாங்காதீர்கள். ஒரு நண்டில் இலட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அதை உண்பது, விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது போல.

ஐஸும், மருந்தும்

மீனுக்கு ஐஸ்தான் மருந்து. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் என்பது பொதுக் கணக்கு. மீனுக்குக் கீழும் மேலும் நடுவிலும் ஐஸ் படிந்திருக்க வேண்டும். உருகிய தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும். வெயிலில், ஐஸ் இல்லாமல், தண்ணீர் மட்டும் தெளித்துத் தெளித்து விற்கிற மீன் பார்வைக்குப் பளபளக்கும்; உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

குறிப்பாகச் சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் கவனம் தேவை. இவை குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் உண்டாகிறது. சாப்பிட்டால் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். இந்த ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. "நன்றாக வேக வைத்தால் சரியாகிவிடும்" என்கிற சமாதானம் இங்கே செல்லாது. சிலருக்கு நல்ல இறாலும் நண்டுமே ஒத்துக்கொள்ளாது. முதல் முறை சாப்பிடுபவர்கள் சிறிதளவு சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஐஸ் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் பார்மலின் தடவுவதாகச் செய்திகள் வந்தன. பிணத்தைப் பாதுகாக்கப் பயன்படும் மருந்து அது. உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. 2018-இல் கேரளத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய சோதனைகளில் டன் கணக்கில் மீன் பிடிபட்டு, செய்தி நம் ஊர் வரை எதிரொலித்தது. அந்த வாரங்களில் ஒரு தவறும் செய்யாத மீன் வியாபாரிகளும் கடையை மூடும் நிலைக்கு வந்தார்கள். ஒருவர் செய்யும் கலப்படம் ஒரு சந்தையையே கெடுக்கும் என்பது நமக்கு எண்ணெயிலும் மிளகாய்த் தூளிலும் ஏற்கனவே தெரிந்த பாடம்தான். பார்மலின், அம்மோனியா இரண்டையும் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் சோதனைத் தாளைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மொத்தமாக வாங்கும் ஓட்டல்காரர்களும் விருந்துக் காண்ட்ராக்டர்களும் இதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வாங்குபவர் ஒன்றைக் கவனியுங்கள்: கண் வெளுத்து, செவுள் நிறம் மாறி, ஆனால் உடம்பு மட்டும் ரப்பர் போல விறைத்திருந்தால் அது இயற்கை அல்ல.

புதியவர் எதில் தொடங்கலாம்?

முள்ளுக்குப் பயந்தே மீனை ஒதுக்குபவர்கள் பலர். அவர்கள் கிழங்கானில் தொடங்கலாம். முள் குறைவு, சதை மென்மை. மஞ்சள், மிளகாய்த் தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் வைத்துத் தோசைக்கல்லில் வறுத்தால் போதும். குழந்தைகளுக்குக் கூடப் பயமில்லாமல் கொடுக்கலாம். வசதி உள்ளவர்களுக்குக் கொடுவாவும் வஞ்சிரமும் நல்ல தொடக்கம். கொடுவாக் குஞ்சுகளைப் பண்ணை முறையில் பொரிக்க வைக்கும் வழியைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இலேயே கண்டுவிட்டது. அதனால் இப்போது வளர்ப்புக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது.

குழம்புக்கு மடவை. புளியைக் கரைத்து, மிளகாய்த் தூளும் தனியாத் தூளும் சேர்த்து, மண் சட்டியில் நன்றாகக் கொதித்துப் பச்சை வாடை போன பிறகே மீனைப் போட வேண்டும். மாங்காய்க் காலமானால் புளியைக் குறைத்து நாலு துண்டு மாங்காய் போடலாம். மீன் போட்ட பிறகு கரண்டி விட்டுக் கிளறக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். மீன் ஆட்டுக்கறி அல்ல. சில நிமிடங்களில் வெந்துவிடும். கூடுதலாக வெந்தால் சதை உதிரும், இறாலானால் ரப்பராகும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்.

இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, சுரைக்காயோடு சமைத்துப் பாருங்கள். நண்டுக்கு மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் போதும், வேறு மசாலா வேண்டாம். சளி பிடித்த நாளில் நண்டு ரசத்துக்கு ஈடே இல்லை என்பார்கள். மத்தியையும் நெத்திலியையும் விலை மலிவு என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் மிகுதி. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது.

மளிகைக் கடையில் கருவாடு விற்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல கருவாடு உலர்ந்து, முறித்தால் சட்டென்று முறிய வேண்டும். கையில் ஈரம் ஒட்டினாலோ, இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தாலோ அது உப்பும் காய்ச்சலும் சரியில்லாத சரக்கு. மணலில் காய வைத்ததைவிட, வலையிலோ மேடையிலோ காய வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். கல் கடிக்கும் கருவாட்டை ஒரு முறை வாங்கியவர், புளி வாங்கக் கூட நம் கடைக்குத் திரும்பி வர மாட்டார்.

வட்டியை உண்போம், முதலை உண்ண வேண்டாம்

இப்போது முகத்துவாரத்துக்கு வருவோம். கோடையில் ஆற்று நீர் குறைந்ததும், கடல் அடித்துக் கொண்டுவரும் மணல் அந்த வாசலை அடைக்கிறது. வாசல் அடைந்தால் குஞ்சு உள்ளே வராது, தாய் வெளியே போகாது. ஏரி நீர் வெயிலில் வற்றி உப்பேறும். மீனவர்கள் தாங்களே மணலை வெட்டி வாசலைத் திறந்த காலம் உண்டு. நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அண்மை ஆண்டுகளில்தான் அதற்கான கற்சுவர்ப் பணியை அரசு கையில் எடுத்தது.

இருப்பதைப் பங்கிட்டுக்கொள்வதிலும் அவர்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக வரும் 'பாடு' முறை அது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களைத் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை அடுத்தவருக்கு விட வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்து அடித்துக்கொள்வதற்கு இடமில்லை. வியாபாரத்தில் போட்டி பற்றிப் பேசும் நமக்கு இதில் கற்றுக்கொள்ள ஏதும் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் பாடு உரிமை இல்லாத மக்களும் அதே ஏரியை நம்பி இருக்கிறார்கள். மீன் குறையக் குறைய அவர்களுக்குள் உரசலும் வருகிறது.

ஏரியைக் காக்கச் சட்டமும் ஒரு முறை கைகொடுத்தது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அந்த ஆணையத்திடம் போயிற்று.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்குபவர் கையில் இருக்கும் அதிகாரத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. விரல் அளவு கொடுவாக் குஞ்சை நாம் வாங்க மறுத்தால் அதைப் பிடிக்கும் வலைக்கு வேலை இல்லை. முட்டை நண்டைத் திருப்பித் தந்தால், அடுத்த முறை அது கூடைக்கு வராது. ஏரி என்பது ஒரு முதல். ஆண்டுதோறும் அது தரும் மீன் வட்டி. வட்டியை வயிறார உண்ணலாம். முதலில் கை வைத்த வியாபாரி என்ன ஆவார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே வணிகப் பெருமக்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்காதீர்கள். எந்த ஊர், எப்போது பிடித்தது என்று கேளுங்கள். செவுளைத் தூக்குங்கள், நண்டைக் கையில் எடுத்துக் கனம் பாருங்கள், தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு நன்றாக இருந்தால் நியாயமான விலையைக் கொடுங்கள். விடிய விடியத் தண்ணீரில் நின்றவரிடம் ஐந்துக்கும் பத்துக்கும் மல்லுக்கட்ட வேண்டாம். முடிந்தால் குடும்பத்தோடு ஒரு காலை பழவேற்காட்டுக்குப் போய், ஏரியையும் பார்த்து, மீனும் வாங்கி வாருங்கள்.

எங்களைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரை, இந்த ஆண்டு மறுபடி சாப்பிட அழைத்தோம். மடவைக் குழம்பும் கிழங்கான் வறுவலும். பழவேற்காட்டில் விடியற்காலையில் நாங்களே நின்று, செவுள் தூக்கி வாங்கிய மீன். இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்ட அவர், "இது வியாபாரி வாங்கின சரக்கு" என்றார்.